ரோலிலிருந்து கார்டுக்கு: ஒரு கல்யாண போட்டோகிராஃபரின் நாட்குறிப்பு

13.1.2006, வெள்ளி, போகி

நிக்கான் தன் ஃபிலிம் கேமராக்களில் பெரும்பாலானவற்றை நிறுத்துகிறது. எஃப்6, எஃப்எம்10 இரண்டு மட்டும் தொடருமாம். லேபிலிருந்து போன் செய்து சொன்னார்கள். என்னிடம் இருப்பது எஃப்எம்2 பாடி, 24, 50, 105 எம்எம் லென்ஸ்கள். எல்லாம் கையால் ஃபோகஸ் செய்வது. பேட்டரி தீர்ந்தாலும் இதன் ஷட்டர் நிற்காது. முகூர்த்த நேரத்தில் என்னைக் கைவிட்டதே இல்லை. ஆனாலும் டிஜிட்டலுக்கு மாறியே ஆக வேண்டும். தை முகூர்த்தங்களுக்குள் முடிவெடுக்க வேண்டும்.

16.1.2006, திங்கள்

கடைக்காரர்கள் எல்லோரும் மெகாபிக்சலைத்தான் முதலில் சொல்கிறார்கள். இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நிக்கானின் டி70எஸ் 6.1 மெகாபிக்சல், படத்தின் நீளம் 3008 புள்ளி. அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டால் 10 அங்குலம் வரும். புதிதாக வந்திருக்கும் டி200 10.2 மெகாபிக்சல், நீளம் 3872 புள்ளி, 13 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. நான் கொடுக்கும் ஆல்பங்களில் பெரும்பாலும் 6க்கு 8 பிரிண்ட்தான். அதற்கு 6 மெகாபிக்சல் தாராளம்.

டி200இல் மனதை இழுப்பது வேறொன்று. என் பழைய லென்ஸ்களை மாட்டினாலும் அதில் லைட் மீட்டர் வேலை செய்யும். டி70எஸ்ஸில் அவை மாட்டும், மீட்டர் ஓடாது. இதைச் சோதித்துப் பார்க்காமல் பணம் போடுவதில்லை.

20.1.2006, வெள்ளி

கோனிகா மினோல்டா நேற்று கேமரா, ஃபிலிம் தொழிலிலிருந்தே விலகுவதாக அறிவித்துவிட்டது. கோனிகா பேப்பரில் எத்தனையோ ஆல்பம் போட்டிருக்கிறேன். மனசு கனத்துப் போனது.

லென்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். டி70எஸ்ஸின் சென்சார் 23.7க்கு 15.6 மி.மீ.; ஃபிலிம் 36க்கு 24. ஆகவே 24 எம்எம் லென்ஸ் 36 எம்எம் போலத்தான் பார்க்கும். மேடையில் இரு வீட்டாரும் நிற்கும் குரூப் போட்டோவுக்கு அது போதாது. பின்னால் நகரலாம் என்றால் முதல் வரிசை நாற்காலியும் வீடியோக்காரரின் ஸ்டாண்டும் இடிக்கும். 18-70 லென்ஸ் கட்டாயம் வேண்டும். அதன் 18 எம்எம், பழைய 27 எம்எம் அளவுக்கு அகலமாகக் காட்டும். பழைய 50 எம்எம் இனி முகங்களுக்கு நல்ல லென்ஸ். 105 எம்எம், கூட்டத்துக்குப் பின்னால் நின்றே தாலி முடிச்சை எடுக்க உதவும்.

23.1.2006, திங்கள்

நண்பரிடம் டி70எஸ்ஸை இரவல் வாங்கி, தம்பிக்குப் பட்டு வேட்டி கட்டி வாசல் வெயிலில் நிறுத்தினேன். கலர் நெகட்டிவில் வெளிச்சம் ஒரு ஸ்டாப் கூடிப்போனாலும் பிரிண்டில் சரிசெய்துவிடலாம். இதில் அந்தச் சலுகை கிடையாது. திரையில் வேட்டியின் முன்கொசுவமும் நெற்றி விபூதியும் விட்டுவிட்டு மின்னின. அங்கே வெறும் வெள்ளைதான், விவரம் ஒன்றும் பதியவில்லை என்று அர்த்தம். எக்ஸ்போஷரை மூன்றில் இரண்டு ஸ்டாப் குறைத்தேன். மின்னுவது நின்றது, ஒவ்வொரு மடிப்பின் நிழலும் தனித்தனியாகத் தெரிந்தது.

பிறகு 105ஐ மாட்டி எம் மோடில் வைத்தேன். மீட்டர் இல்லை. ஒரு படம் எடுத்து, ஹிஸ்டோகிராம் பார்த்து, அப்பெர்ச்சரைத் திருத்தினேன். அடுத்த படமே சரியாக வந்தது. மண்டபத்தில் வெளிச்சம் நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதில்லை. எனக்கு டி200 தேவையில்லை.

27.1.2006, வெள்ளி

வாங்கியாயிற்று: டி70எஸ், 18-70 லென்ஸ், எஸ்பி-600 ஃப்ளாஷ், கூடுதல் பேட்டரி. பழைய ஃப்ளாஷ் இந்த பாடியில் டிடிஎல் முறையில் ஓடாது. அது அவசரத்துக்கு இருக்கட்டும். ஒரே பெரிய கார்டுக்குப் பதிலாக 512 எம்பி கார்டுகளாகவே எடுத்தேன். ஒன்றில் உயர்தர ஜேபெக் 140க்கு மேல் கொள்ளும். கிட்டத்தட்ட நான்கு ரோல். ஒரு கார்டு கெட்டாலும் கல்யாணம் முழுவதும் போய்விடாது.

டி200 வாங்காததில் மிஞ்சிய பணத்தில் வெளியே மாட்டும் ஹார்ட் டிஸ்க்கும் டிவிடி ரைட்டரும் வாங்கினேன். நெகட்டிவை உறையில் போட்டு ஈரம் படாமல் வைத்தால் பல வருஷம் கழித்தும் பிரிண்ட் போடலாம். ஹார்ட் டிஸ்க் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். அதனால் ஸ்டூடியோவில் ஒரு பிரதி, வீட்டில் ஒரு பிரதி.

3.2.2006, வெள்ளி

டிஜிட்டலில் முதல் முகூர்த்தம். வீடியோ லைட் மஞ்சளாக அடித்தது. வெள்ளைத் தாளைக் காட்டி ஒயிட் பேலன்ஸ் வைத்துக்கொண்டதும் முகங்கள் இயல்பான நிறத்துக்கு வந்தன. தாலி கட்டும் நேரத்தில் ரோல் மாற்ற வேண்டிய கவலை இல்லை. மதியமே இரண்டு பிரதியும் எடுத்து, திறந்து சரிபார்த்த பிறகுதான் கார்டுகளை அழித்தேன்.

மாறப்போகிற தொழில் நண்பர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கையில் உள்ள லென்ஸுக்கும் செய்கிற வேலைக்கும் பொருந்தும் பாடியை வாங்குங்கள். அதில் மிச்சப்படும் பணத்தைப் படங்களைப் பாதுகாக்கச் செலவிடுங்கள். பாடி சில வருஷத்தில் பழசாகிவிடும். கல்யாணப் படத்தை அந்தக் குடும்பம் ஆயுளுக்கும் கேட்கும்.