நாளைக்கு வீட்டுக்கு விசாரணை

அப்பா பேர்ல இருந்த இரட்டைக்குழல் துப்பாக்கி லைசென்ஸை என் பேருக்குக் கேட்டு எழுதிக் கொடுத்திருந்தேன்.
நாளைக்குப் போலீஸ் வீட்டுக்கே வாராங்களாம்.

அம்மா காலையிலேயே பரண்ல இருந்த கோரைப்பாயை எடுத்து உதறிட்டாங்க. நம்ம பத்தமடையிலேயே கல்யாணத்துக்கு நெய்ஞ்சது.
ஓரத்துல ரெண்டு பேர் பேரும் இன்னும் சாயம் போகல.

நான் இரும்புப் பீரோவை ஒழிச்சேன்.
துப்பாக்கி எங்க, தோட்டா எங்க, சாவி யார்கிட்ட?
1959 ஆயுதச் சட்டப்படி ஸ்டேஷன் அறிக்கை கேட்டுத்தான் லைசென்ஸ். நல்லாக் கேக்கட்டும். பிள்ளைங்க ஓடி விளையாடுற வீடு.

பீரோவுக்குள்ள ஒரு மஞ்சப்பை.
தேர்தலுக்குத் தேர்தல் துப்பாக்கியை ஸ்டேஷன்ல ஒப்படைச்சு அப்பா வாங்கின ரசீதுங்க. ஒவ்வொண்ணையும் நாலா மடிச்சு, நூல் போட்டுக் கட்டி வச்சிருக்காங்க.
அவங்க சுட்டு நான் பார்த்ததே இல்ல.

"உங்களுக்கு எதுக்கு?"ன்னு கேட்டா என்ன சொல்ல?
பன்னி பயிரை அழிக்குதுன்னு சொல்ல வயல் இல்ல. வித்தாச்சு.
அப்பா வாராவாரம் எண்ணெய் போட்டுத் துடைச்சதுன்னு சொன்னா, அதை ஒரு காரணமா எழுதிக்குவாங்களா?