எண்களுக்குள் ஓர் ஆட்டம்

பதினோராம் வகுப்பு மாணவியர் மூவர்

கூட்டிப் பார்த்தபோது நம்ப முடியாமல் மறுபடியும் கூட்டினோம். 104, 110, 90, 108, 97, 101. மொத்தம் 610. அடுத்த வரிசை 89, 77, 120, 97, 112, 115. அதுவும் 610! என்.பி.ஏ. எனப்படும் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தின் 2016-ஆம் ஆண்டு இறுதிச் சுற்றில், கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் குழுவும் கிளீவ்லாண்ட் கவாலியர்ஸ் குழுவும் முதல் ஆறு ஆட்டங்களில் எடுத்த புள்ளிகள் இவை. இருவருக்கும் மும்மூன்று வெற்றி. ஏழாவது ஆட்டத்தில் வெல்பவருக்கே கோப்பை.

உங்களுக்கு ஏன் இந்தக் கூட்டல் வேலை என்று தோழியர் கேட்கலாம். எங்கள் பள்ளிக் கூடைப்பந்துக் குழுவில், ஆடும் ஐவரில் இடம் பெறாத மூவர் நாங்கள். மேசையருகே அமர்ந்து ஸ்கோர் ஷீட் எழுதுவது எங்கள் பொறுப்பு. யார் கூடையில் போட்டாள், யார் ஃபவுல் செய்தாள் என்பதெல்லாம் எங்கள் பேனா வழியாகத்தான் போக வேண்டும். ஆட்டம் முடிந்து மற்றவர்கள் எலுமிச்சைச் சாறு குடிக்கும்போது நாங்கள் கூட்டல் சரிபார்த்துக்கொண்டிருப்போம். எனவே, பெரிய ஆட்டம் ஒன்றின் கணக்குத் தாள் கையில் கிடைத்தால், மற்றவர்கள் கதைப் புத்தகம் படிப்பதுபோல நாங்கள் அதைப் படிக்கிறோம்.

ஏழாவது ஆட்டம் 2016 ஜூன் 19 அன்று கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் நகரில் நடந்தது. வாரியர்ஸின் சொந்த அரங்கம் அது. அந்தப் பருவத்தில் 82 ஆட்டங்களில் 73-ஐ வென்று, அதுவரை எவரும் எட்டாத சாதனையைப் படைத்திருந்தார்கள். கவாலியர்ஸோ முதல் நான்கு ஆட்டங்களில் மூன்றைத் தோற்றுவிட்டு, பின் இரண்டை வென்று தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்தவர்கள். அவர்களுடைய ஊர் 1964-க்குப் பிறகு தொழில்முறைப் பெருவிளையாட்டு எதிலும் கோப்பையைக் கண்டதில்லை. அன்றைய ஆட்டத்தில் முன்னிலை 20 முறை கைமாறியது. முடிவில் கவாலியர்ஸ் 93, வாரியர்ஸ் 89.

தாளை எடுத்தவுடன் எவர் கண்ணும் அதிகப் புள்ளி எடுத்தவரிடம்தான் போகும். அவர் வென்ற குழுவில் இல்லை! வாரியர்ஸின் டிரேமண்ட் கிரீன் 15 முறை எறிந்து 11 முறை கூடையில் போட்டு, மொத்தம் 32 புள்ளி எடுத்தார். கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது ரீபவுண்ட், அதில் 15. கூடையில் போடுகிறவருக்குப் பந்தைத் தந்து உதவுவது அசிஸ்ட், அதில் 9. எங்கள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்த சிஸ்டர், "இவ்வளவும் செய்துவிட்டுத் தோற்றுப் போனதா அந்தப் பிள்ளை? பாவம்!" என்றார்.

எப்படித் தோற்றார்கள் என்பதுதான் எங்களுக்கும் புதிர். வளைவுக் கோட்டுக்கு வெளியே நின்று போட்டால் மூன்று புள்ளி. வாரியர்ஸ் அதில் பேர்போனவர்கள். அன்று அவர்கள் அப்படி 15 முறை போட்டார்கள். கவாலியர்ஸ் 6 முறைதான். அதிலேயே 27 புள்ளி வித்தியாசம் வந்துவிடுகிறது. பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டோம். இரண்டு புள்ளிக் கூடைகள் கவாலியர்ஸுக்கு 27, வாரியர்ஸுக்கு 17. இதில் 20 புள்ளி மீண்டது. ஃப்ரீ த்ரோ கவாலியர்ஸுக்கு 21, வாரியர்ஸுக்கு 10. இதில் 11. போனது 27, வந்தது 31, மிச்சம் 4. கோப்பை அந்த நாலு புள்ளிக்குத்தான்.

ஃப்ரீ த்ரோ என்பது எதிரணியின் ஃபவுலுக்காகத் தரப்படும் எறிதல். யாரும் மறிக்க மாட்டார்கள், போட்டால் ஒரே புள்ளி, கைதட்டலும் குறைவு. பயிற்சி முடியும் நேரத்தில் அதைப் போடச் சொன்னால், தாகமாயிருக்கிறது என்று நழுவுகிறவர்களின் பெயர்களை இங்கே எழுதப் போவதில்லை. 10.6 விநாடி மீதமிருக்கையில் கவாலியர்ஸின் லெப்ரான் ஜேம்ஸ் கீழே விழுந்து, கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, இரண்டு ஃப்ரீ த்ரோ எறிந்தார். முதலாவது தவறியது. இரண்டாவது விழுந்தது. மூன்றாக இருந்த வித்தியாசம் நான்காயிற்று. நான்கை ஒரே எறிதலில் சமன் செய்வது எளிதா என்ன?

அந்த ஜேம்ஸின் கணக்கு 27 புள்ளி, 11 ரீபவுண்ட், 11 அசிஸ்ட். பிளாக் என்ற கட்டத்தில் 3 என்று இருக்கிறது. அதில் ஒன்றைத்தான் உலகமே பேசியது. ஆட்டம் 89-89 என்று சமனில் நிற்க, 1 நிமிடம் 50 விநாடி மீதமிருக்கையில் வாரியர்ஸின் ஆண்ட்ரே இகுடாலா கூடையை நோக்கிப் பாய்ந்தார். பின்னாலிருந்து ஓடிவந்த ஜேம்ஸ் எழும்பிப் பந்தைப் பலகையோடு அறைந்தார். பதிவில் அதைப் பார்த்தபோது எங்களில் ஒருத்தி கத்தியே விட்டாள். தாளிலோ அதுவும் மற்ற இரண்டைப் போல வெறும் ஒன்றுதான்.

இன்னொரு விந்தை. 4 நிமிடம் 39 விநாடி மீதமிருந்தபோது ஆட்டம் 89-89 ஆயிற்று. ஏழு ஆட்டங்களையும் சேர்த்தால் 699-க்கு 699! அதன் பின் ஏறத்தாழ மூன்றே முக்கால் நிமிடம் இரு பக்கமும் ஒரு புள்ளிகூட விழவில்லை. 53 விநாடி இருக்கும்போது கைரி இர்விங், ஸ்டீபன் கரியின் முகத்துக்கு நேரே மூன்று புள்ளிக் கூடை ஒன்றைப் போட்டார்.

எங்களுக்குப் பிடித்தது அதற்கு அடுத்து வந்த கட்டம். பந்து கரியிடம் வந்தது. அந்தப் பருவத்தில் 402 மூன்று புள்ளிக் கூடைகள் போட்டவர் அவர். எதிரே நின்று மறிக்க வேண்டியவர் கெவின் லவ், கூடைக்கு அருகில் ஆடிப் பழகிய உயரமான ஆள். கரி இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தார். லவ் விலகவுமில்லை, ஃபவுல் செய்யவுமில்லை. கரி எறிந்த பந்து கூடையில் விழவில்லை. தாளில் கரியின் பெயருக்கு நேரே தவறிய எறிதல் ஒன்று கூடியது. லவ்வின் பெயருக்கு நேரே ஒன்றும் ஏறவில்லை. அன்று அவர் எடுத்தது 9 புள்ளிதான். ஆனால் பெரிய ஆட்டங்களின் தாளில் வேறொரு கட்டம் உண்டு. லவ் களத்தில் நின்ற நேரத்தில் கவாலியர்ஸ் எதிரணியைவிட 19 புள்ளி கூடுதலாக எடுத்தார்கள் என்று அது சொல்கிறது. இரு குழுக்களிலும் வேறு எவருக்கும் அவ்வளவு இல்லை.

நாங்கள் எழுதும் தாளில் அந்தக் கட்டம் கிடையாது. எதிரணியின் சிறந்த வீராங்கனையை மறிக்கும் வேலை எங்கள் குழுவில் எப்போதும் ஒருத்திக்குத்தான். அவள் பெயருக்கு நேரே பெரும்பாலும் ஃபவுல் குறிகளே இருக்கும். ஒருநாள் அவள் அம்மா எங்கள் மேசைக்கு வந்து தாளைப் பார்த்துவிட்டு, "எம் பொண்ணு ஒண்ணுமே பண்ணலையாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

புதுக் கட்டம் கோடு போட்டுச் சேர்க்கலாம் என்றாள் எங்களில் ஒருத்தி. விதிப்படி அச்சடித்த தாளில் கை வைக்கக் கூடாது என்றாள் மற்றவள். இரண்டு நாள் வாதாடினோம். இப்போது தாளின் பின்பக்கத்தில், மறித்துத் தவறச் செய்த ஒவ்வோர் எறிதலுக்கும் பென்சிலால் ஒரு கோடு போட்டு வருகிறோம். சென்ற ஆட்டத்தில் அவளுக்கு ஏழு.