எந்தப் படியில் பிழை என்று சொல்

மகன், "இந்த உலகமே யாரோ கணினியில் ஓட்டும் விளையாட்டாக இருந்தால்?" என்று நீ கேட்டதும் வீட்டில் எல்லோரும் அதட்டினார்கள். நான் அதட்டமாட்டேன். அதற்கு நெருங்கிய கேள்வியை இமாம் கஸ்ஸாலியே கேட்டிருக்கிறார்.

கடிகாரம் இல்லாத காலத்தில் அஸர் வக்தைப் பார்க்க முற்றத்தில் கம்பு நட்டு நிழலை அளப்பார்கள். அந்த நிழலை உற்றுப் பார், அசையாது. கொஞ்சம் பொறுத்து வந்து பார், இடம் மாறியிருக்கும். கஸ்ஸாலி உதாரணமாக எடுத்ததும் நிழலைத்தான். கண்ணின் பிழையை அறிவு பிடித்தது. அறிவின் பிழையைப் பிடிக்க அதற்கு மேலே ஒன்று இருந்தால்? கனவும் காணும்வரை நிஜம்தானே? இந்தச் சந்தேகம் ஏறக்குறைய இரண்டு மாதம் அவரை ஆட்டியது. அல்லாஹ் நெஞ்சில் இட்ட ஒளியால்தான் மீண்டேன் என்று பிறகு எழுதினார்.

2003இல் நிக் பொஸ்ட்ரம் என்ற தத்துவ அறிஞர் இதைக் கணினிக் காலத்துக்குக் கொண்டுவந்தார். மூன்றில் ஒன்றாவது உண்மையாக வேண்டும் என்றார்: மனிதரைப் போன்ற இனங்கள் இப்படியோர் உலகத்தைக் கணினியில் ஓட்டும் ஆற்றலை எட்டுமுன் அழிந்துபோகும், எட்டினாலும் முன்னோரின் வாழ்வைக் கணினியில் ஓட்டிப் பார்க்காது, இல்லையென்றால் நாமே அப்படி ஓடுகிற உலகத்தில்தான் இருக்கிறோம்.

"நம்பவே முடியாது" என்பது இதற்குப் பதில் ஆகாது. 2004 டிசம்பர் 26 காலைவரை கல்முனைக் கரையில் கடல் ஊருக்குள் ஏறும் என்று சொன்னால் யார் நம்பியிருப்பார்? அன்று வந்த சுனாமியில் கல்முனை இருக்கும் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் மௌத்தானார்கள். பழகியதைத்தான் மனம் நியாயம் என்கிறது. முடிவு பிடிக்காவிட்டால், எந்தப் படியில் பிழை என்று காட்டு. கணினிக்குள் உணர்வு பிறக்கும் என்ற படியில்தான் பொஸ்ட்ரமின் வாதம் நிற்கிறது. அதை இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை. அங்கே கை வை.

வாதத்தை ஏற்றாலும், "அப்படியானால் படிப்பு எதற்கு, கடன் எதற்கு" என்று அதிலிருந்து வராது. எந்த உலகமானாலும் பசி பசிதான்; கடைக்காரக் காக்காவுக்குப் பாண் காசு கொடுக்கத்தான் வேண்டும். கஸ்ஸாலி 1095இல் பக்தாத் நிழாமிய்யா மத்ரஸாவின் பெரிய பதவியையே உதறிவிட்டுப் போனார். சொத்தைப் பகிர்ந்தளித்தபோதும், பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு வேண்டியதை ஒதுக்கிவைத்துவிட்டே போனார். நீயும் எவ்வளவு பெரிய கேள்வியானாலும் கேள், மகன். அதைச் சாட்டி யாருக்கும் சேரவேண்டியதை நிறுத்திவைக்காதே.