மாடு மேயாத புல்வெளி

ஏப்ரல் மாதம் வந்துவிட்டால் நுவரெலியாவுக்குச் சுற்றுலா செல்வது நம்மில் பலருக்கு வழக்கம். விக்டோரியா பூங்கா, கிரகறி வாவி, மலர்க் காட்சி, குதிரைப் பந்தயம் எல்லாம் பார்த்துத் திரும்புகிறோம். நகரின் நடுவே உயர்ந்த மரங்களுக்கிடையில் விரிந்து கிடக்கும் கோல்ப் மைதானத்தை மட்டும் பஸ் ஜன்னல் வழியாகப் பார்ப்பதோடு சரி.

இம்மைதானத்திற்குரிய கழகம் 1889ஆம் ஆண்டு ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கப்பட்டது. மலையில் தேயிலை பரவிக்கொண்டிருந்த காலம் அது. சிறு பந்தை மட்டையால் தட்டித் தட்டி, தூரத்துக் குழிக்குள் சேர்ப்பதே விளையாட்டு. இங்கு 18 குழிகள். ஒவ்வொன்றுக்கும் போகும் வழியின் இருபுறமும் மரங்கள் அணிவகுத்து நிற்கின்றன. இதை அண்டி மேஜர் றொஜர்ஸ் என்ற ஆங்கில அதிகாரியின் கல்லறை உள்ளது. ஆயிரத்துக்கும் அதிகமான யானைகளைச் சுட்டவர் என்று பேசப்படும் அவர், 1845இல் மின்னல் தாக்கி இறந்தார். அவர் பெயர் கல்லில் இருக்கிறது. அதே காலத்தில் மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை நோக்கிக் காட்டுவழியே நடந்துவந்து, வழியிலேயே நோயால் மடிந்த நம் முன்னோருக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை.

கடந்த வருடம் பயிற்சிப் பட்டறை ஒன்றுக்காக நுவரெலியாவில் தங்கியிருந்தபோது, தோட்ட மகளிர் சங்கத் தலைவியான ஓர் அக்காவுடன் அந்த மைதானத்துக்குள் செல்லும் வாய்ப்புக் கிடைத்தது. நாற்பது வருடங்களாக அந்த வீதியால் போய்வருபவர், உள்ளே காலடி வைத்தது அன்றுதான். ஒட்ட வெட்டப்பட்ட புல்லைக் குனிந்து தொட்டுப் பார்த்தார்.

"ஏன் மிஸ், இவ்வளவு புல்லு கெடக்கு, ஒரு மாடுகூட இல்லையே?" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். ஆனால் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது அறிந்த ஒருவரின் நினைவு உடனே வந்தது. தோர்ஸ்டீன் வெப்ளன் என்ற அமெரிக்க அறிஞர் 1899இல் ஓய்வை அனுபவிக்கும் வர்க்கத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். புல்வெளிக்கு மிகப் பொருத்தமானது பசுதான். ஆனால் பசு சிக்கனத்தையும் பயன்பாட்டையும் நினைவூட்டுவதால் செல்வந்தர் அதை விரும்புவதில்லை என்று அதில் அவர் விளக்குகிறார். பயன் எதுவும் தராத புல்லைப் பேண முடிவதே வசதியின் அடையாளம். அறிஞர் ஆராய்ந்து கண்டதை, மாட்டுக்குத் தினமும் புல்லறுக்கும் அக்கா ஒரே பார்வையில் கண்டுகொண்டார்.

சற்றுத் தூரம் நடந்ததும் இன்னொன்று சொன்னார்: "கையில சொம ஒண்ணும் இல்லாம நடக்கிறது ஒரு மாதிரியா இருக்கு மிஸ்."

இந்த வார்த்தை என்னைச் சிந்திக்க வைத்தது. அதிகாலையில் எழுந்து சமைத்து, பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பி, பெரட்டுக்கு ஓடி, கொழுந்து பறித்து, நிறுத்துக் கொடுத்து, மாலையில் புல்லுக்கட்டோ விறகுக்கட்டோ சுமந்து லயத்துக்குத் திரும்பி, மீண்டும் அடுப்படி. இதில் அவளுக்கென்று நேரம் எங்கே? துரைமார்தான் ஓய்வைத் தமக்கென வைத்துக்கொண்டார்கள் என்று சொல்லி நாம் நிறுத்திக்கொள்ள முடியாது. தோட்டத்திலும் விளையாட்டுத் திடல் ஆண்பிள்ளைகளுக்கு. மாலைப்பொழுது தவறணைக்குப் போகும் ஆண்களுக்கு. ஒரே வேலைநாள் முடிந்து வீடு வரும் கணவனுக்கு ஓய்வு உண்டு, மனைவிக்கு இல்லை.

1948 நவம்பரில் நடைமுறைக்கு வந்த குடியுரிமைச் சட்டத்தால் மலையக மக்களில் பெரும்பாலானோர் நாடற்றவர்களானார்கள். அதற்கடுத்த மாதம், டிசம்பர் 10ஆம் திகதி, ஐக்கிய நாடுகள் சபை மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. அதன் 24ஆவது உறுப்புரை ஓய்வும் ஓய்வு நேரமும் ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. குடியுரிமைக்காக நம் மக்கள் நீண்டகாலம் போராட வேண்டியிருந்தது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை அது இழுபட்டது. ஓய்வுரிமையோ கோரிக்கையாகக்கூட இன்னும் எழவில்லை. சம்பளம், காணி, வீடு பற்றிப் பேசும் கூட்டங்களில் அது சோம்பேறித்தனமாகவே கருதப்படுகிறது.

கோல்ப் மைதானங்களை மூடவேண்டும் என்பது என் வாதமல்ல. அந்த மரங்கள் அழகானவை, நிழல் தருபவை. அங்கே நடப்பவர்கள் பெறும் இன்பமும் உண்மையானது. அது எல்லா மனிதருக்கும் தேவையானது என்பதே நான் சொல்ல வருவது.

ஆகவே சகோதரிகளே, உங்கள் மகளிர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் ஒரு சிறு வேலை செய்து பாருங்கள். விடிந்தது முதல் படுக்கும்வரை செய்பவற்றை ஒவ்வொருவரும் மணிவாரியாகச் சொல்லட்டும். எழுதத் தெரிந்தவர் எழுதட்டும். பக்கத்தில் வீட்டு ஆண்களின் நாளையும் எழுதுங்கள். இரண்டு பட்டியலையும் அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். புல்லறுப்பதையும் தண்ணீர் எடுப்பதையும் இனி யார் யார் பகிர்ந்துகொள்வது என்று அங்கேயே பேசித் தீர்மானியுங்கள்.