இழுத்துப் போடு

இயங்கலைப் பாடம் தயாரிப்பவர்களுக்கு ‘டிராக் அண்ட் டிராப்’ மேல் தனி மோகம். ஒரு சொல்லை விரலால் பிடித்து, விடாமல் நகர்த்தி, சரியான கட்டத்துக்குள் போட வேண்டும். பிள்ளைகளுக்கு விளையாட்டு. தஞ்சோங் காராங்கில் இருக்கும் என் பெரியம்மா மகனுக்கு அது சுவர்.

சாலை விபத்தில் அண்ணனின் கழுத்துத் தண்டுவடம் பாதிக்கப்பட்டது. கைகள் அசையாது. வீட்டிலிருந்தபடியே கணக்கியல் டிப்ளோமா படிக்க ஒரு கல்லூரியில் சேர்ந்தார்.

மூங்கில் குச்சியை வாயில் கவ்வித் தொட்டால் டேப்லட்டுக்கு எதுவும் தெரியவில்லை. இந்தத் திரைகள் அழுத்தத்தைப் பார்ப்பதில்லை. உடம்போடு மின்தொடர்பு வேண்டும். பெரியப்பா சமையலறை அலுமினியத் தாளை எடுத்து, நுனியிலிருந்து உதடு படும் இடம்வரை சுற்றிக் கொடுத்தார். வேலை செய்தது. ஆனால் ஒரு மணி நேரத்தில் தாடை வலிக்கும், எச்சில் வழியும். “தம்பி, தொடச்சி விடு” என்பார்.

நீண்ட விடைகளைக் குரலால் எழுதினார். கூகுள் 2017லேயே தமிழைக் கேட்டு எழுதத் தொடங்கிவிட்டது. குறிப்புகள் தமிழில், விடைகள் மலாயில். வயலில் அறுவடை இயந்திரம் ஓடும் நாளில் மட்டும் எழுத்து தாறுமாறாகும்.

பிறகு வந்தது அந்தத் தேர்வு. 20 பதிவுகள், 15 நிமிடம். ஒவ்வொன்றையும் பற்றுப் பக்கமோ வரவுப் பக்கமோ இழுத்துப் போட வேண்டும். பாதி வழியில் குச்சி வழுக்கினால் பதிவு பழைய இடத்துக்கே ஓடிவிடும். விடை எல்லாம் தெரியும். ஏழாவதில் திரை மூடிக்கொண்டது. எழுதிக் கேட்டோம். எல்லாருக்கும் ஒரே நேரம்தான், அதுதான் நியாயம் என்று பதில் வந்தது.

இணையத் தர விதிகளை வகுக்கும் டபிள்யூ3சி, தவிர்க்க முடியாத இடங்கள் தவிர மற்றவற்றில் நேரக்கெடுவை நீட்டிக்க வழி வேண்டும் என்று 2008லேயே சொன்னது. இழுப்பதற்குப் பதில் வெறுமனே தொட்டும் செய்ய முடிய வேண்டும் என்று 2023இல் சேர்த்தது. நம் நாட்டின் உடற்குறையுள்ளோர் சட்டமும் 2008இல் வந்ததுதான். மீறினால் தண்டனை என்று அதில் எதுவும் எழுதவில்லை.

உறவினர்கள் அண்ணனுக்கு ப்ரீத்தி சீனிவாசனின் காணொளிகளை அனுப்புவார்கள். தமிழ்நாட்டின் 19 வயதுக்குட்பட்டோர் பெண்கள் கிரிக்கெட் அணிக்குத் தலைமை தாங்கியவர். 1998இல் கடலில் நேர்ந்த விபத்துக்குப் பிறகு கழுத்துக்குக் கீழே இயக்கமில்லை. திருவண்ணாமலையில் சோல்ஃப்ரீ அமைப்பை நிறுவியவர், வாயால் ஓவியம் வரைபவர். அண்ணனுக்கு அவர்மேல் பெரிய மரியாதை. காணொளி அனுப்புகிறவர்கள்மேல்தான் எரிச்சல். “அவங்கள காட்டி மனசு இருந்தா போதும்ங்கிறாங்க. மனசு இருக்கு தம்பி, பட்டன் இல்ல.”

அடுத்த தவணையில் ஓர் இளம் விரிவுரையாளர் கேள்விகளைப் பல்விடைத் தேர்வாக மாற்றிக் கொடுத்தார். அவருக்கு ஒரு மாலைதான் பிடித்ததாம். அண்ணனுக்கு 20க்கு 19. தேய்மானக் கேள்வியில் தன் விடைதான் சரி என்று இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்.