புளித்த மாவுக்கு இங்கேயும் மரியாதை

பெர்லின் கிராய்ட்ஸ்பெர்க் பக்கம் போனால், ஐசன்பான்ஸ்ட்ராசேயில் இருக்கும் மார்க்ட்ஹாலே நோய்னுக்குப் பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போங்க. 1891-ல் திறந்த சந்தைக் கட்டடம். 2011-ல் மறுபடி உயிர் பெற்றது. உள்ளே சிரோனி என்ற பேக்கரி. மாவு பிசைவது, அடுப்பில் வைப்பது எல்லாம் கண் முன்னாலேயே நடக்கும்.

நாங்க போன சனிக்கிழமை, என் மகள் மூக்கைச் சுருக்கி, "அப்பா, நம்ம இட்லி மாவு வாசனை!" என்றாள். சரிதான். சவர்டைக் என்பது மாவும் தண்ணீரும் சேர்ந்து தானாகப் புளித்தது. லாக்டிக் அமில பாக்டீரியாக்கள்தான் இரண்டிலும் வேலை பார்க்குது. பேக்கரியில் பழைய மாவில் கொஞ்சம் எடுத்து வச்சு அடுத்ததுக்குச் சேர்ப்பாங்க, நாம பாலுக்கு உறை ஊத்துற மாதிரி.

இது புது ஃபேஷனும் இல்லை. ரோகன் எனும் ரை மாவைப் புளிக்க வைக்காவிட்டால் ரொட்டி உள்ளே பிசுபிசுன்னு ஆயிடும். அதனால் ஜெர்மன்காரர்கள் காலங்காலமாகப் புளிக்க வைக்கிறாங்க. 2014-ல் ஜெர்மன் ரொட்டிப் பண்பாடு நாட்டின் மரபுப் பட்டியலிலும் சேர்ந்தது.

நம்ம பிள்ளைகள் சிலருக்கு டப்பாவில் இட்லி கொண்டுபோகக் கூச்சம். "புளிச்ச வாசம்"னு யாராவது சொல்லிடுவாங்களோன்னு பயம். அதே புளிப்புக்கு இங்கே வரிசையில் நிற்கிறாங்கன்னு அவங்க பார்க்கணும்.

வீட்டில் ஒரு பாட்டிலில் சவர்டைக், இன்னொன்றில் இட்லி மாவு வைங்க. இரண்டுக்கும் ரப்பர் பேண்ட் போட்டு, எது முதலில் பொங்குதுன்னு பிள்ளைகள் பார்க்கட்டும். அப்புறம் பள்ளியில் யாராவது கேட்டால், "இது எங்க வீட்டு சவர்டைக்"னு அவங்களே சொல்வாங்க.