காலியாக விட்ட இடம்

சென்னையிலும் கோவையிலும் உள்ள மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் மையங்களில் பேச்சுச் சத்தமே இருப்பதில்லை. காதில் ஹெட்போன், விரல் கீபோர்டில், கால் ஃபுட் பெடலில். அமெரிக்க மருத்துவர் ஒருவர் மூச்சுவிடாமல் சொல்லி முடித்த டிஸ்சார்ஜ் சம்மரியைப் பெடலை மிதித்துப் பின்னுக்கு ஓட்டி, திரும்பத் திரும்பக் கேட்டு எழுத்தாக்குகிறார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு வேகமாக டைப் அடிப்பதே இங்கே திறமை என்று தோன்றும். எனக்கு அதைவிட அரிதாகப் படுவது, காதில் தெளிவாக விழாத சொல்லை எழுதாமல் விடத் தெரிவது. அந்தக் காலியிடத்துக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘பிளாங்க்’. இந்தத் தொழிலின் நேர்மை பெரும்பாலும் அந்தப் பிளாங்க்கில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

மருந்துப் பெயர்களைப் பாருங்கள். ஹைட்ராலசின் ரத்த அழுத்தத்துக்கு, ஹைட்ராக்ஸிசின் அரிப்புக்கு. செலிப்ரெக்ஸ் மூட்டுவலிக்கு, செலெக்ஸா மனச்சோர்வுக்கு, செரிபிக்ஸ் வலிப்புக்கு. இரைச்சலுக்கு நடுவே ‘ஃபிஃப்டீன்’ ‘ஃபிஃப்டி’யாகக் கேட்கும். இங்கே ஊகித்து எழுதினால் என்ன ஆகும்? அலபாமா மாநிலத்தில் 2008இல் ஒரு நோயாளியின் டிஸ்சார்ஜ் சம்மரியில் 8 யூனிட் இன்சுலின் 80 யூனிட் என்று பதிவானது. எழுத்தாக்கம் நடந்தது இந்தியாவில். மருத்துவர் சரிபார்க்காத அந்த அறிக்கையை நம்பி, நோயாளி அடுத்துச் சேர்ந்த சிகிச்சை மையத்தில் மருந்து கொடுத்தார்கள், நோயாளி இறந்தார். 2012இல் ஜூரி விதித்த இழப்பீடு 14 கோடி டாலர். சரிபார்க்காத மருத்துவருக்கும் இதில் பங்குண்டு, மறுக்கவில்லை. ஆனால் தப்பாக எழுதிய எண் சரியான எண்ணைப் போலவே நிற்கும்; காலியிடம் மட்டுமே படிக்கிறவரை நிறுத்திக் கேள்வி கேட்க வைக்கும்.

பிளாங்க் பெருகினால் மருத்துவரின் நேரம் வீணாகும், வேலை தெரியாதவர்கள் அதன் பின்னால் ஒளிந்துகொள்வார்கள் என்று மேற்பார்வையாளர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதனால் பிளாங்க் விடுவதற்கும் உழைக்க வேண்டும். வேகத்தைக் குறைத்துக் கேட்க வேண்டும், அதே நோயாளியின் பழைய அறிக்கையைப் புரட்ட வேண்டும், மருந்து அகராதியைப் பார்க்க வேண்டும், பக்கத்து சீட்டில் இருக்கும் சீனியரைக் கேட்க வைக்க வேண்டும். அதற்குப் பிறகும் பிடிபடவில்லையென்றால் ஆடியோவில் எந்த நிமிடம், எந்த நொடி என்று குறித்துப் பிளாங்க் விடலாம். மருத்துவர் முதலில் இடது முழங்கால் என்றும் பிறகு வலது என்றும் சொன்னால், தானே ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் முரண்பாட்டைச் சுட்டிக்காட்ட வேண்டும். இத்தனைக்கும் நேரம் வேண்டும். ஆனால் கூலி, பெரும்பாலும் 65 எழுத்து கொண்ட வரிக்கு இவ்வளவு என்ற கணக்கில். ஒரு சொல்லுக்காக ஃபைலைப் பத்து முறை கேட்டவருக்கு அந்த நேரம் நஷ்டம். பிளாங்க்குக்கும் தர மதிப்பெண் குறையும் என்றால் புதிதாகச் சேர்ந்தவர் ஊகிக்காமல் என்ன செய்வார்? நோயாளியின் ரகசியம் காப்பதில், அமெரிக்காவின் 1996ஆம் ஆண்டு ஹிப்பா சட்டத்துக்குப் பயந்து, செல்போனையும் பேனாவையும்கூட உள்ளே விடாத மையங்கள் உண்டு. அந்தக் கண்டிப்பில் பாதி ஊகத்தின் மீது இருந்தால் போதும்.

இப்போது ஸ்பீச் ரெகக்னிஷன் மென்பொருள் முதல் வரைவை எழுதிவிடுகிறது, மனிதர் திருத்தினால் போதும் என்கிறார்கள். எனக்கு இதில்தான் கவலை கூடுகிறது. மென்பொருள் தயங்குவதில்லை, புரியாத இடத்திலும் எதையாவது இலக்கணச் சுத்தமாக இட்டு நிரப்பிவிடும். ஒரு ‘நோ’ விழுந்துபோனால் இல்லாத நெஞ்சுவலி இருப்பதாகிவிடும், வாக்கியமோ பிழையின்றி ஓடும். கண்ணால் மட்டும் படித்துத் திருத்துகிறவரால் இதைப் பிடிக்க முடியாது. ஆடியோ முழுவதையும் கேட்டாக வேண்டும். ஆனால் எடிட்டிங் என்ற பெயரில் வரிக்கான கூலியைக் குறைத்திருக்கிறார்கள். வரிக்கணக்கோடு ஆடியோவின் நிமிடத்துக்கும் சேர்த்துக் கூலி தர வேண்டும். நேரம் குறித்து விட்ட பிளாங்க்குக்கு மதிப்பெண் குறைப்பதை இன்றைக்கே நிறுத்த வேண்டும்.